கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிக்கு முன்னால் மாட்டிய மூவண்ணத் தாளும் எண்ணெய் லென்ஸும் உண்மையில் பயன்பட்டனவா?

கேள்வி: 1950களின் அமெரிக்க இதழ்களைப் புரட்டியபோது, கறுப்பு வெள்ளைப் படத்தை வண்ணப் படமாக்கும் பிளாஸ்டிக் தாள், சின்னத் திரையைப் பெரிதாக்கிக் காட்டும் எண்ணெய் லென்ஸ், படத்தைத் தெளிவாக்கும் விதவிதமான ஆன்டெனாக்கள் ஆகியவற்றின் விளம்பரங்களைக் கண்டேன். எங்கள் வீட்டுப் பரணிலும் மேலே நீலம், நடுவில் இளஞ்சிவப்பு, கீழே பச்சை என்று மூன்று நிறம் கொண்ட ஒரு தாள் கிடக்கிறது. இவையெல்லாம் உண்மையிலேயே வேலை செய்தனவா, அல்லது வாங்குபவரை ஏமாற்றும் பண்டங்களா?

பதில்:

எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட முடியாது. இவற்றில் ஒன்றிரண்டு, பின்னாளில் தயாரிப்பாளர்களே தொலைக்காட்சிப் பெட்டிக்குள் சேர்த்துக்கொள்ளும் அளவுக்கு உண்மையான பயன் தந்தவை. ஒன்று பாதி உண்மை. இன்னும் சில, விளம்பரத்தில் சொன்னதைச் செய்யவே இயலாதவை. ஒரு தொலைக்காட்சிப் படம் நிலையத்திலிருந்து புறப்பட்டு வான்வழியாக ஆன்டெனாவுக்கும், கம்பிவழியாகப் பெட்டிக்கும், படக்குழாயின் கண்ணாடிக்கும், அறையின் வெளிச்சத்தைக் கடந்து பார்ப்பவரின் கண்ணுக்கும் வந்து சேருகிறது. வழியில் ஒவ்வோர் இடத்திலும் ஏதோ ஒன்று இழக்கப்படுகிறது. அந்த இழப்பை அது நேரும் இடத்திலேயே குறைக்கும் கருவிக்கு மதிப்பு உண்டு. நிலையம் அனுப்பாத ஒன்றைக் கண்ணாடிக்கு முன்னால் வைக்கும் எந்தப் பொருளாலும் வரவழைக்க முடியாது. இந்த அளவுகோலோடு ஒவ்வொன்றையும் பார்த்தால் உங்கள் கேள்விக்கு விடை தெளிவாகும்.

முதலில் லென்ஸ். நீங்கள் குறிப்பிட்டவற்றுள் மிகவும் மதிக்கத் தக்கது அதுதான் என்பது என் கருத்து. இரண்டாம் உலகப் போர் முடிந்து 1946-ல் ஆர்.சி.ஏ. நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த 630-டி.எஸ். பெட்டியின் படக்குழாய் 10 அங்குல விட்டம் உடையது. அதில் தெரிந்த படத்தின் உயரம் ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் மட்டுமே. விலையோ 350 டாலருக்கு மேல். அதை வாங்க இயலாதவர்களுக்காக மோட்டரோலா 7 அங்குலப் பெட்டியை 200 டாலருக்குள் விற்றது. பைலட் என்னும் நிறுவனம் 1949-ல் 100 டாலருக்குச் சற்றுக் குறைவாக விற்ற பெட்டியின் திரை வெறும் 3 அங்குலம். உள்ளங்கையில் அடங்கிவிடும் அந்தப் படத்தைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றால் முன்னால் ஒரு லென்ஸ் வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

திரை அவ்வளவு சிறியதாக இருந்ததற்குக் காரணம் கண்ணாடி. படக்குழாய்க்குள் காற்றே இருக்கக் கூடாது. ஆகவே வெளிக்காற்று அதன் முகத்தை ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு கிலோ வீதம் அழுத்திக்கொண்டே இருக்கும். 10 அங்குலக் குழாயின் முகப்பில் மட்டும் இது அரை டன்னை எட்டும். விட்டம் இரண்டு மடங்கானால் முகப்பு தாங்க வேண்டிய மொத்தச் சுமை நான்கு மடங்காகும். கண்ணாடி தடிக்க வேண்டும். திரையில் படத்தை வரையும் எலெக்ட்ரான் கற்றையை அகலமாக வளைக்கும் திறன் அன்று குறைவாக இருந்ததால் குழாயின் கழுத்தும் நீள வேண்டும். போருக்கு முன்பு, 1939-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியை ஒட்டி ஆர்.சி.ஏ. வெளியிட்ட 12 அங்குலப் பெட்டியில் குழாய் அலமாரிக்குள் செங்குத்தாக நிறுத்தப்பட்டிருந்ததும், மேல்மூடியின் உட்புறத்தில் பதித்த கண்ணாடியில் படத்தைப் பிரதிபலித்துப் பார்க்க வேண்டியிருந்ததும் குழாயின் இந்த நீளத்தால்தான்.

விளம்பரங்களில் வந்த லென்ஸ், உள்ளே இடைவெளி விட்டு இரு தகடுகளாக ஒட்டப்பட்ட தெளிந்த பிளாஸ்டிக் கூடு. ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் தொப்பை போல் வெளியே குவிந்தும் இருக்கும். அந்தக் கூட்டுக்குள் தெளிந்த கனிம எண்ணெயை நிரப்பி அடைத்துவிடுவார்கள். அதே அளவில் திடமான கண்ணாடி லென்ஸ் செய்தால் தூக்க முடியாத எடையும் வாங்க முடியாத விலையும் வந்துவிடும். எண்ணெயின் ஒளிவிலகல் எண் (ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) ஏறத்தாழ 1.47, அக்ரிலிக் பிளாஸ்டிக்கினுடையது 1.49; இரண்டும் இவ்வளவு நெருங்கியிருப்பதால் ஒளி கூட்டிலிருந்து எண்ணெய்க்குள் செல்லும்போது இடையில் எல்லை இருப்பதே தெரியாமல் ஒரே துண்டுக் கண்ணாடி போலச் செயல்படும். எளிய பொருட்களைக் கொண்டு இப்படி ஒரு லென்ஸை உருவாக்கியவர்களின் கைத்திறனை நான் மிகவும் மதிக்கிறேன். பெட்டியின் மேலிருந்து வார்களால் கட்டித் தொங்கவிடும் வகையும், தனித் தாங்கியில் நிற்கும் வகையும் விற்கப்பட்டன.

இந்த லென்ஸ் புதிதாக எதையும் காட்டவில்லை, இருக்கும் படத்தை ஊதிப் பெரிதாக்கியது மட்டும்தான் என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியான கணிப்பு ஆகாது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு படம் 525 கிடைவரிகளாக வரையப்பட்டது. அவற்றுள் திரையில் தெரிபவை 480 அளவில். 16 சென்டிமீட்டர் உயரத்தில் 480 வரிகள் என்றால் ஒரு வரியின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. நல்ல பார்வை உள்ள கண்ணால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு என்று கொண்டால், அந்த வரிகளைத் தனித்தனியாகக் காண ஒரு மீட்டரைச் சற்றுக் கடந்த தொலைவுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டுக் கூடத்தில் யாரும் அப்படி உட்காருவதில்லை. மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு, நிலையம் அனுப்பிய நுணுக்கங்களில் பெரும்பகுதி கண்ணுக்கு எட்டாமலே போயிற்று. லென்ஸ் படத்தை ஒன்றரை மடங்கு பெரிதாக்கியபோது, அனுப்பப்பட்டும் காணப்படாமல் போன அந்த நுணுக்கங்களில் ஒரு பகுதி பார்ப்பவருக்குத் திரும்பக் கிடைத்தது. அளவைக் கூட்டியதோடு தெளிவையும் லென்ஸ் கூட்டியது என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. லென்ஸுக்கு நேர் எதிரே அமர்ந்தவருக்குத்தான் படம் ஒழுங்காகத் தெரியும். பக்கவாட்டில் இருந்தவருக்கு முகங்கள் வளைந்தும் ஓரங்கள் இழுபட்டும் தெரியும். மிகவும் தள்ளி உட்கார்ந்தவருக்குத் திரையின் ஒரு பகுதி மறைந்தே போகும். அண்டை வீட்டார் எல்லோரும் ஒரே வீட்டில் கூடிப் பார்த்த காலம் அது என்பதால் இந்தக் குறை சிறியதன்று. 1953 ஜூன் 2-ஆம் தேதி எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவைப் பார்க்கப் பிரிட்டனில் தெருத்தெருவாக மக்கள் ஒரே பெட்டியின் முன் கூடியபோது, புஷ் டி.வி.22 போன்ற 9 அங்குலப் பெட்டிகள் பல வீடுகளில் இருந்தன. லென்ஸ் மாட்டியிருந்தால் நடுவில் இருந்த நான்கைந்து பேரே அதன் முழுப் பயனையும் பெற்றிருக்க முடியும். காலப்போக்கில் எண்ணெய் மஞ்சளாவதும், ஒட்டிய விளிம்பு விட்டுக் கசிவதும், கசிந்த அளவுக்குக் காற்றுக் குமிழி புகுந்து படத்தின் உச்சியில் நிலாப்போல் நிற்பதும் இருந்தன.

இந்த வரலாற்றில் சோவியத் நாட்டின் கே.வி.என்.-49 பெட்டியைக் குறிப்பிடாமல் விட முடியாது. கெனிக்சன், வர்ஷாவ்ஸ்கி, நிக்கலாயெவ்ஸ்கி என்னும் மூன்று பொறியாளர்களின் பெயர்களின் முதலெழுத்துகளும், அது வெளிவந்த 1949-ஆம் ஆண்டும் சேர்ந்ததே அதன் பெயர். 18 சென்டிமீட்டர் குழாயில் 14 சென்டிமீட்டர் அகலமும் பத்தரை சென்டிமீட்டர் உயரமும் கொண்ட படம். ஆனால் ஒளிபரப்பு 625 வரிகள். அத்தனை வரிகளை அவ்வளவு சிறிய உயரத்தில் அடைத்தால், மேலே சொன்ன கணக்கின்படி, ஏறத்தாழ 60 சென்டிமீட்டருக்குள் முகத்தை வைத்துப் பார்த்தால்தான் முழு நுணுக்கமும் தெரியும். ஆகவே அமெரிக்காவில் விருப்பப் பொருளாக இருந்த லென்ஸ், அங்கே பெட்டியிலிருந்து பிரிக்க முடியாத அங்கமாகிவிட்டது. இன்று அருங்காட்சியகங்களில் அந்தப் பெட்டியை லென்ஸோடு சேர்த்தே வைக்கிறார்கள். அந்தக் கூட்டுக்குள் காய்ச்சி வடித்த நீரையோ கிளிசரினையோ ஊற்ற வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. நீரின் ஒளிவிலகல் எண் 1.33, கிளிசரினுடையது 1.47. லென்ஸின் வலிமை இந்த எண்ணில் ஒன்றைக் கழித்தபின் கிடைக்கும் மீதியைப் பொறுத்தது. ஆகவே அதே கூட்டில் கிளிசரின் ஊற்றியவருக்கு நீர் ஊற்றியவரைவிட ஏறத்தாழ நாற்பது விழுக்காடு வலிமையான லென்ஸ் கிடைத்தது.

1950களின் தொடக்கத்தில் 17, 21 அங்குலக் குழாய்கள் விலை குறைந்து வந்ததும் லென்ஸின் தேவை போய்விட்டது. கலங்கரை விளக்கத்துக்காக 1820களில் பிரெஞ்சு அறிஞர் ஃபிரெனெல் வகுத்த முறையில், மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் வட்ட வட்டமாக வரிப்பள்ளங்கள் பதித்த தட்டை லென்ஸ்கள் பிறகும் விற்பனையில் இருந்தன. எடை குறைவு, கசிவு இல்லை. ஆனால் அந்தப் பள்ளங்கள் ஒளியைச் சிதறடித்துப் படத்தின் மேல் ஒரு மெல்லிய வெண்புகையைப் படரவிடும். எண்ணெய் லென்ஸின் தெளிவு இதற்கு வராது.

இனி மூவண்ணத் தாள். அது ஏன் விற்றது என்பதை முதலில் சொல்ல வேண்டும். 1953 டிசம்பர் 17-ஆம் தேதி அமெரிக்க அரசின் தகவல்தொடர்பு ஆணையம் பின்னாளில் நிலைத்த வண்ண ஒளிபரப்பு முறைக்கு ஒப்புதல் அளித்தது. அடுத்த ஆண்டு ஆர்.சி.ஏ. விற்ற முதல் வண்ணப் பெட்டியின் விலை 1,000 டாலர், குழாய் 15 அங்குலம். வண்ணம் வந்துவிட்டது என்ற செய்தி எல்லோருக்கும் எட்டியது, வண்ணப் பெட்டி மிகச் சிலருக்கே எட்டியது. ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்கு மேல் நீடித்த இந்த இடைவெளியில்தான், சில காசுகள் செலவில் செய்யக்கூடிய பிளாஸ்டிக் தாள் அஞ்சல்வழியாகவும் கடைகளிலும் விற்பனையானது.

மேலே வானம், நடுவே மனிதரின் தோல், கீழே புல்வெளி என்பது அதை வடிவமைத்தவரின் கணக்கு. சமவெளியில் குதிரை வீரர் ஒருவர் தொலைவில் போகும் காட்சியில் அந்தக் கணக்கு ஒரு நொடி பலிக்கும், பார்ப்பவர் வியந்துபோவார். ஒளிப்பதிவாளர் முகத்தை நெருங்கியதும் நெற்றி நீலமாகவும் மூக்கு இளஞ்சிவப்பாகவும் தாடை பச்சையாகவும் ஆகிவிடும். அக்காலத் தொலைக்காட்சியில் திரை சிறியது என்பதாலேயே அண்மைக் காட்சிகள் மிகுதி. ஆகவே தாள் பலித்த நேரத்தைவிடப் பலிக்காத நேரமே அதிகம். படத்தின் எந்தப் புள்ளி என்ன நிறம் என்னும் செய்தி கறுப்பு வெள்ளை ஒளிபரப்பில் அறவே இல்லை; ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு வெளிச்சம் என்பது மட்டுமே உண்டு. தாளுக்குத் தெரிந்தது இடம் மட்டும்.

ஆனாலும் தாள் மாட்டியவர்களில் பலர் படம் முன்பைவிட நன்றாக இருக்கிறது என்று உறுதியாகச் சொன்னார்கள். அவர்களைப் பேதைகள் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் கண்டது உண்மை, காரணம்தான் வேறு. அறையில் விளக்கோ சன்னல் வெளிச்சமோ இருந்தால், அது படக்குழாயின் வெண்ணிறப் பூச்சில் பட்டுத் திரும்பி, கறுப்பாக இருக்க வேண்டிய இடங்களைச் சாம்பலாக வெளுக்கச் செய்யும். படத்தின் வெண்மை 100 அளவு, திரும்பும் அறை வெளிச்சம் 20 அளவு என்று வைத்துக்கொள்வோம். அப்போது வெள்ளை 120, கறுப்பு 20, விகிதம் ஆறு. பாதி ஒளியை மட்டும் விடும் ஒரு தாளை முன்னால் வைத்தால், படத்தின் ஒளி அதை ஒரு முறை கடந்து 50 ஆகிறது. அறை வெளிச்சமோ உள்ளே போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை என்று இரு முறை கடந்து 5 ஆகிவிடுகிறது. இப்போது வெள்ளை 55, கறுப்பு 5; விகிதம் பதினொன்று. படம் மங்கினாலும் கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் பிரிந்து நிற்கும். எந்த நிறத் தாளும் ஓரளவுக்கு இதைச் செய்யும். நீலம், பச்சை, மஞ்சள் கலந்த பழுப்பு என ஒற்றை நிறத்தில் விற்ற தாள்களும் கண்ணுக்கு இதமாக இருப்பதாகப் பாராட்டப்பட்டது இதனால்தான்.

நிறமே இல்லாத சாம்பல் தாள் இந்த வேலையை எல்லாவற்றையும்விடச் சிறப்பாகச் செய்யும். மூவண்ணத் தாளைப் போல அதைப் பற்றி வண்ண வண்ணமாக விளம்பரம் எழுத முடியாது; ஆனால் உண்மையில் படத்தை மேம்படுத்திய கருவி அதுதான். 1950-ஐ ஒட்டியே படக்குழாய் செய்பவர்கள் முகப்புக் கண்ணாடியையே சாம்பல் நிறம் கலந்து வார்க்கத் தொடங்கினார்கள். அதன்பின் படக்குழாய்கள் இருந்த காலம் வரை அந்த வழக்கம் தொடர்ந்தது. அணைத்து வைத்த பழைய பெட்டியின் திரை வெண்மையாகத் தெரியாமல் சாம்பலாகவோ கரும்பச்சையாகவோ தெரிவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

வண்ணப் பிளாஸ்டிக்கைத் திரைக்கு முன்னால் வைத்து உண்மையான வண்ணத்தைக் காட்டிய ஒரு கருவியும் அதே காலத்தில் இருந்தது. சி.பி.எஸ். நிறுவனத்தின் பீட்டர் கோல்ட்மார்க் 1940-ல் செய்து காட்டிய முறை அது. நிலையத்தில் ஒளிப்பதிவுக் கருவிக்கு முன்னால் சிவப்பு, நீலம், பச்சைத் துண்டுகள் பதித்த வட்டு சுழலும். வீட்டில் கறுப்பு வெள்ளைக் குழாய்க்கு முன்னால் அதேபோன்ற வட்டு அதே வேகத்தில், அதே ஒழுங்கில் சுழலும். சிவப்புத் துண்டு வழியே பதிவான படம் குழாயில் வரும் அந்தக் கணத்தில் வீட்டு வட்டின் சிவப்புத் துண்டும் திரைக்கு முன்னால் வந்து நிற்கும். ஒரு நொடிக்கு 144 முறை படம் இப்படி மாறியதால் கண் மூன்றையும் சேர்த்து முழு வண்ணமாகக் கண்டது. ஆறு துண்டுகள் கொண்ட வட்டு என்றால் நிமிடத்துக்கு 1,440 சுற்று. மூவண்ணத் தாளும் இந்த வட்டும் பார்வைக்கு ஒரே சாதிப் பொருள்தான். ஆனால் வட்டின் நிறம் ஒளிபரப்போடு பேசி வைத்துக்கொண்டு மாறியது, தாளின் நிறம் ஒளிபரப்பைப் பற்றி ஒன்றும் அறியாமல் ஒரே இடத்தில் நின்றது.

அமெரிக்க ஆணையம் 1950 அக்டோபரில் இந்த முறைக்கு ஒப்புதல் தந்தது. 1951 ஜூன் 25-ஆம் தேதி வணிக ஒளிபரப்பும் தொடங்கியது. ஆனால் வட்டின் விட்டம் திரையைப் போல் இரு மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். 10 அங்குலத் திரைக்கே அரை மீட்டருக்கு மேற்பட்ட வட்டு வேண்டும். அதைவிடப் பெரிய இடர், அப்போது வீடுகளில் இருந்த ஏறத்தாழ ஒரு கோடிப் பெட்டிகளால் இந்த ஒளிபரப்பைக் கறுப்பு வெள்ளையில்கூடக் காட்ட முடியவில்லை. அவற்றின் வரிவேகத்தை மாற்றத் தனி இணைப்புக் கருவி தேவைப்பட்டது. கொரியப் போரை ஒட்டிய மூலப்பொருள் கட்டுப்பாடுகளும் சேர, அதே ஆண்டு அக்டோபரில் ஒளிபரப்பு நின்றது. இந்த முறை முற்றிலும் மறைந்துவிடவில்லை என்பதை நினைக்க எனக்கு மகிழ்ச்சிதான்: 1969-ல் அப்போலோ 10 விண்கலத்திலிருந்து வண்ணப் படம் அனுப்பிய ஒளிப்பதிவுக் கருவியும் சுழலும் வண்ண வட்டைக் கொண்டதே.

படக்குழாயின் பின்புறம் மாட்டும் சிறு கருவி ஒன்றைப் பற்றி இதழ் விளம்பரங்களைவிடப் பழுதுபார்ப்பவர்கள் நன்கு அறிவார்கள். குழாயின் கழுத்தில், எலெக்ட்ரான்களை உமிழும் கேத்தோடை 6.3 வோல்ட்டில் எரியும் ஒரு கம்பி சூடாக்குகிறது. ஆண்டுக்கணக்கில் ஓடிய குழாயில் கேத்தோடின் பூச்சு தேய்ந்து எலெக்ட்ரான் குறைந்து படம் மங்கும். குழாய்க்கும் அதன் சாக்கெட்டுக்கும் இடையே ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மரைச் செருகி அந்த வோல்ட்டை ஓரளவு உயர்த்தினால், கேத்தோடு இன்னும் சூடேறி, உள்ளே மிச்சமிருக்கும் பூச்சிலிருந்து எலெக்ட்ரான்களைத் தரும். படம் மீண்டும் பளிச்சிடும். சில மாதங்களுக்கோ, குழாயின் நல்வாய்ப்பைப் பொறுத்து ஓரிரு ஆண்டுகளுக்கோ அது நீடிக்கும். அதன்பின் குழாய் முற்றிலும் ஓய்ந்துவிடும். பெட்டியின் விலையில் பெரும்பங்கு குழாயினுடையதாக இருந்த காலத்தில், புதுக் குழாய் வாங்கும் நாளை இப்படித் தள்ளிப்போட முடிந்தது ஒரு குடும்பத்துக்கு உண்மையான உதவி.

ஆன்டெனாக்கள் பற்றி விளம்பரங்கள் சொன்னவற்றில் பொய் அதிகம். பெட்டியின் மேல் இரு கம்பிகளை விரித்து வைக்கும் 'முயல் காது' நேர்மையான கருவி. அமெரிக்காவின் 2-ஆம் அலைவரிசைக்கு அலைநீளம் ஏறத்தாழ 5.4 மீட்டர், அதில் பாதி, அதாவது 2.7 மீட்டர் மொத்த நீளம் இருந்தால் ஆன்டெனா முழுத் திறனோடு வாங்கும். கம்பியை நீட்டியும் குறுக்கியும் அலைவரிசைக்கு ஏற்ப அமைக்க முடிந்தது அதன் பயன். அதன் நடுவே வட்டத் தகடு, சுருள் கம்பி, பல நிலைகளுக்குத் திருப்பும் குமிழ் என்று சேர்த்துக்கொண்டே போனது பெரும்பாலும் அலங்காரம். வீட்டின் மின்கம்பிகள் முழுவதையும் ஒரு மாபெரும் ஆன்டெனாவாக மாற்றுவதாகக் கூறி, சுவர் பிளக்கில் செருகும் சிறு பெட்டி ஒன்றையும் விற்றார்கள். அதற்குள் இருந்தது மின்சாரத்தைத் தடுத்து அலையை மட்டும் விடும் கெப்பாசிட்டர் ஒன்றிரண்டே. தாறுமாறாகச் சுவருக்குள் ஓடும் மின்கம்பி எந்தத் திசையையும் நோக்குவதில்லை. மோட்டாரும் விசிறியும் எழுப்பும் இரைச்சலையும் சேர்த்தே அது பெட்டிக்குள் கொண்டுவரும். அந்தக் கெப்பாசிட்டர் பழுதடைந்தால் பெட்டியின் ஆன்டெனா முனையில் மின்சாரம் பாயும். நீங்கள் கேட்ட பொருட்களில் நான் முழுமையாகக் கண்டிப்பது இதை மட்டுமே, ஏனெனில் இது பயனற்றது மட்டுமல்லாமல் உயிருக்கும் ஊறு செய்யக்கூடியது.

நகரங்களில் மக்களை அதிகம் வருத்தியது படத்துக்குப் பக்கத்தில் நிழல்போல் தெரிந்த இரட்டை உருவம். உயர்ந்த கட்டடத்தில் பட்டுத் திரும்பும் அலை 300 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்தால் ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு தாமதமாக வரும். 10 அங்குலத் திரையில் அது ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் தள்ளி இரண்டாவது உருவமாகப் படியும். இதைப் பெட்டியின் மேல் வைக்கும் எந்தப் பொருளாலும் முற்றிலும் நீக்க முடியாது. ஒரே திசையை நோக்கி மற்றத் திசைகளைப் புறக்கணிக்கும் கூரை ஆன்டெனாவே மருந்து. ஜப்பானின் தொஹோக்கு பல்கலைக்கழகத்தில் உதாவும் யாகியும் 1926-ல் உருவாக்கிய, ஒரு தண்டில் பல குறுக்குக் கம்பிகள் கொண்ட அமைப்பு அத்தகையது. நம் மொட்டைமாடிகளில் நின்றதும் அதுவேதான்.

உங்கள் பரணில் உள்ள தாள் நம் ஊர் வரலாற்றைச் சேர்ந்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15-ஆம் தேதி கறுப்பு வெள்ளையில் தொடங்கியது. இந்தியாவில் முறையான வண்ண ஒளிபரப்பு 1982 ஆகஸ்டு 15-ஆம் தேதிதான் வந்தது. வண்ணம் வந்த பின்னரும் மிகப் பல வீடுகளில் சாலிடேர், டயனோரா போன்ற கறுப்பு வெள்ளைப் பெட்டிகளே நெடுநாள் இருந்தன. அமெரிக்காவில் 1954-க்குப் பின் நேர்ந்த அதே இடைவெளி இங்கும் நேர்ந்தது, அதே தாள் இங்கும் கடைக்கு வந்தது. 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியில் நாற்றங்காலும் வானமும் சேர்ந்து தெரியும்போது அந்தத் தாள் மிக அழகாகப் பொருந்தும். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' தொடங்கிக் கதாநாயகியின் முகம் திரையை நிறைத்ததும் வீட்டில் யாராவது எழுந்துபோய்த் தாளைக் கழற்றிவிடுவார்கள். முழுத் திரைக்கும் நீலக் கண்ணாடி போட்டவர்கள் அதைக் கடைசிவரை கழற்றாததற்குக் காரணம், மேலே சொன்ன அறை வெளிச்சக் கணக்குத்தான்.

தென்கடலோர ஊர்களில் 1982-ல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினியைப் பிடிக்க உயர்ந்த குழாயில் ஆன்டெனாவும் அதனோடு 'பூஸ்டரும்' வைத்தார்கள். இந்தப் பூஸ்டர் பயன்பட்டதா என்பது அதை மாட்டிய இடத்தைப் பொறுத்தது. ஆன்டெனாவின் அருகே, கம்பத்தின் உச்சியில் மாட்டினால், நீண்ட கம்பியில் இழக்கப்படும் முன்பே அலை வலுப்பெறும், படம் தெளியும். பெட்டிக்குப் பின்னால் மாட்டினால் கம்பியில் ஏற்கெனவே மெலிந்துவிட்ட அலையையும் அதோடு கலந்த இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். திரையில் புள்ளிகள் முன்பு எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கும். நான் பார்த்த வீடுகளில், மழைக்கும் இடிக்கும் அஞ்சி இரண்டாவது வகையில் மாட்டியவர்களே மிகுதி.

உங்களிடம் உள்ள தாளைச் சோதித்துப் பார்க்கப் பழைய பெட்டியைத் தேட வேண்டாம். படக்குழாய்க்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும், பழகாதவர் அதைத் திறக்கவும் கூடாது. கணினித் திரையில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை ஓடவிட்டு, அறை விளக்கை ஏற்றி வைத்து, தாளை முன்னால் பிடியுங்கள். முதலில் ஒரு வயல்வெளிக் காட்சியையும் பிறகு ஒரு முகத்தையும் பாருங்கள். பழைய படக்குழாயின் வெண்பூச்சைப் போல் இன்றைய திரை அறை வெளிச்சத்தைத் திருப்பாது என்பதால் கறுப்பு ஆழமாவது உங்களுக்குக் குறைவாகவே தெரியும். நிறங்களின் பொருத்தமும் பொருத்தமின்மையும் அன்று தெரிந்தபடியே தெரியும். தாளைச் சுருட்டி வைக்காமல் இரு அட்டைகளுக்கு இடையே தட்டையாக, வெயில் படாத இடத்தில் வையுங்கள்; அந்தச் சாயங்களில் இளஞ்சிவப்பு முதலில் வெளுத்துவிடக் கூடும். எப்போதாவது எண்ணெய் லென்ஸ் ஒன்றும் உங்கள் கைக்கு வந்தால், அதைச் சன்னலோரத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள். காலை வெயில் அதன் வழியே குவிந்து விழும் இடத்தில் திரைச்சீலையோ செய்தித்தாளோ இருந்தால் தீப்பிடித்துவிடும்.